ஓர் ஆளுக்கான சமையல்

ஜூன் 12, வியாழன்

இந்த நோட்டு என் யோசனை இல்லை. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் பெனாசிர் சொல்லி வாங்கியது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன சாப்பிட்டாலும் எழுதி வைங்கம்மா. வேற ஏதாவது எழுதத் தோணினாலும் எழுதுங்க. நோட்டை நான் வாங்கிப் பாக்க மாட்டேன். வரும்போது நீங்களே பாத்துச் சொன்னாப் போதும்" என்றார்.

விஷயம் இதுதான். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தாக வேண்டும். ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை. பத்தாவது வந்தால்தான் கத்தியை வைப்பேன் என்கிறார் டாக்டர். உதிரப்போக்குக்கு ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை. "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க தட்டுல இருக்கு" என்று பெனாசிரிடம் அனுப்பிவிட்டார்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இட்லி, உப்பில்லாத சட்னி, மத்தியானம் தயிர்சாதம், அதிலும் உப்பில்லை என்றேன்.

"உங்களுக்கு பிரஷர் இருக்கா?"

"எனக்கில்லைங்க. வீட்டுக்காரருக்கு. கிட்னியும் சரியில்ல. ஒம்பது வருஷமா எங்க வீட்ல உப்பில்லாத சமையல்தான்."

"சார் இப்ப எப்படி இருக்கார்?"

"மார்கழில தவறிட்டார்."

பெனாசிர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இப்ப யாருக்கும்மா உப்பில்லாம சமைக்கிறீங்க?"

பழக்கம் என்றேன். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை இட்லி. மத்தியானம் தயிர்சாதம். ராத்திரி டீ, ரொட்டி. பசிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

முருங்கைக் கீரை வாங்கச் சந்தைக்குப் போனேன். ஒரு கட்டு கேட்டால் ஒரு கூடையையே கையில் கொடுக்கிறார்கள். "பாதி குடுங்க" என்றேன். "பாதிக் கட்டு யாருங்க வாங்குவாங்க?" என்று அந்த அம்மாள் சிரித்தார். ஈரோட்டுச் சந்தையில் எல்லாமே நாலு பேருக்கு அளந்து வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் கால் கிலோவுக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்கிறார்கள். பரங்கிக்காய்க் கீற்று ஒருவர் தின்று தீர்க்கும் அளவில் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆய்ந்தேன். காம்புகளைக் கிள்ளும்போது கைக்கு வேலை இருந்தது, நன்றாக இருந்தது. பிறகு கொதிநீரில் போட்டு, வெந்ததும் தண்ணீரை வடித்துச் சிங்க்கில் கொட்டினேன். பச்சையாக ஓடிற்று. கொட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவருக்குக் காய்களை அப்படித்தான் செய்ய வேண்டும். பொட்டாசியம் போவதற்காக வேகவைத்து வடிக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டியதையெல்லாம் நானே கொட்டிவிட்டேன்.

மிஞ்சிய சக்கையைச் சாப்பிட்டேன். வாயில் வைக்கோல் மாதிரி.

ஜூன் 19, வியாழன்

பெனாசிரிடம் கீரைக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கீரையை வடிக்கக் கூடாது, பருப்போடு சேர்த்து வேகவிட வேண்டும். சாப்பிட்டதும் டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது போகவேண்டும். கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் நன்றாக ஒட்டும். கேழ்வரகு, கறுப்பு எள், பேரீச்சை. வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல்.

"உப்பு தேவையான அளவு போட்டுக்கோங்க. ருசியா இருந்தாத்தான் நாலு வாய் உள்ள போகும். ஆமா, உங்களுக்கு என்னம்மா புடிக்கும்? அதுல இருந்து ஆரம்பிக்கலாம்."

என் வீட்டுக்காரருக்குப் பிடித்ததைக் கேட்டிருந்தால் மடமடவென்று சொல்லியிருப்பேன். என் அம்மாவுக்குப் பிடித்ததுகூடத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஈரல் வாங்கினேன். மிளகு தட்டிப் போட்டு வறுத்தேன். உப்பும் போட்டேன். மத்தியானம்: ஈரல் வறுவல், கேழ்வரகுக் களி, கீரை கடைசல், எலுமிச்சை.

திண்டுக்கல்லில் இருந்து தம்பி ரகு போன் செய்தான். ஆபரேஷன் அன்று கூட ஒருவர் இருந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று சொன்னேன். "என்னக்கா கேக்குற? நான் இல்லாம யாரு? லீவு போட்டுட்டு வந்துர்றேன்" என்றான்.

மனசு லேசாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

கீழ்வீட்டுப் பூனை ஞாயிற்றுக்கிழமையில் இருந்து என் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. காலைச் சுற்றிச்சுற்றி வருகிறது. இன்றைக்கு ஒன்றும் இல்லை, போ என்று விரட்டினேன்.

காலை ராகிக் கூழ். மத்தியானம் பருப்பு, கீரை. ராத்திரி இரண்டு பேரீச்சை.

ஜூலை 3, வியாழன்

ரத்தப் பரிசோதனை. ஏழு புள்ளி எட்டு. பெனாசிர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்து வரிசையாக வாசித்தேன். கூழ், கீரை, ஈரல், எள்ளுருண்டை.

"இதெல்லாம் உள்ள போயிருந்தா இன்னும் ஏறியிருக்கணுமே?"

"சமைக்கிறேங்க" என்றேன். அது உண்மைதான். சமைக்கிறேன். தட்டில் போட்டு மேசையில் வைக்கிறேன். எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. தட்டோடு சமையலறைக்கே போய் நின்றபடி இரண்டு வாய் சாப்பிடுகிறேன், அதற்கு மேல் இறங்குவதில்லை, மீதி பூனைக்கு. இதை பெனாசிரிடம் எப்படிச் சொல்வது?

"டிவி பாத்துக்கிட்டோ, போன் பேசிக்கிட்டோ சாப்பிடுங்க. யார் வீட்டுக்காவது போய்ச் சாப்பிட்டாலும் சரி. எப்படியாவது சாப்பிடுங்கம்மா" என்றார்.

யார் வீடு?

ஜூலை 14, திங்கள்

நிறைய எழுதவேண்டியிருக்கிறது. இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஓய்வூதிய வேலையாக அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வெயில். காலையில் டீ மட்டும்தான். மாடிப்படி இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த பியூன் எதிர்ச் சந்தில் உள்ள மெஸ்ஸுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். நாலு பெஞ்சு, தகரக் கூரை. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். குடித்து நிமிர்ந்ததும் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க தனபாலன் சார் வீட்டம்மா தானுங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல போட்டோ காட்டியிருக்காருங்க. நான் பழனியம்மா. சாரு சொல்லியிருப்பாரே?"

சொன்னதில்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

"மத்தியானம் ஆனா அந்த மூலைலதானுங்க உக்காருவாரு. குடல் கொழம்புன்னா உசுரு. வாழைக்காய் வறுவல், கருவாடு, ஊறுகா, அப்பளம்... 'வீட்ல உப்பே போடமாட்டாங்க பழனியம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டாம் தரம் வாங்குவாரு. ரொம்பத் தங்கமான மனுசருங்க."

நான் தினமும் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தேனே என்றேன்.

பழனியம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அத நான்தானுங்க சாப்பிடுவேன்! எனக்கு பிரஷருங்க. உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. மெஸ்ஸு நடத்திக்கிட்டு தனியா எனக்குன்னு எங்கீங்க சமைக்கிறது? சாரு டப்பாவ எனக்குக் குடுத்துப்போட்டு இலைல உக்காருவாரு. ஏழு வருசங்க அம்மிணி, உங்க கையில சாப்பிட்டுத்தான் எனக்கு பிரஷரு அடங்குச்சு. சாரு போனதுக்கப்புறம் மறுபடியும் ஏறிப்போச்சு. உங்களப் பாத்து ஒருக்கா கும்பிடோணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தனுங்க."

நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவருக்கு ரெண்டு கிட்னியும் சரியில்லைங்க" என்றேன். "அதுக்குத்தான் உப்பில்லாத சாப்பாடு."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "பிரஷருன்னுதானுங்க சொன்னாரு. டாக்டரு சும்மா பயமுறுத்தறாருன்னாரு. கிட்னின்னு சொல்லவே இல்லீங்களே! தெரிஞ்சிருந்தா நான் சோறு போட்டிருப்பனா?"

பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சாப்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 16, புதன்

வேலைக்குப் போகவில்லை. நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கில் இருந்து போன் வந்தது. காய்ச்சல் என்றேன்.

டீ.

ஜூலை 20, ஞாயிறு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ரத்தம் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கிரியேட்டினின் ஏறியிருக்கும். டாக்டர் அவரைக் கேட்கமாட்டார், என்னைக் கேட்பார். "என்னம்மா, எவ்வளவு சொல்லியும் நீங்க உப்பக் குறைக்கலையா?" நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். அடுத்த வாரமே இன்னும் ஏதாவது ஒன்றை நிறுத்துவேன். முதலில் ஊறுகாயை நிறுத்தினேன். பிறகு தக்காளி, பிறகு கீரை, இளநீர். சாம்பாரில் போட்ட ஒரு சிட்டிகையையும் நிறுத்தினேன். என்மேல்தான் தப்பு என்று நம்பினேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த விளம்பரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் எதிரில் நான் மட்டும் ருசியாகச் சாப்பிட்டால் மனசு கஷ்டப்படுமே என்று எனக்கும் அதையே போட்டுக்கொண்டேன். வாசனை வந்தால் ஆசை வருமே என்று வீட்டில் தாளிப்பதையே விட்டேன். ராத்திரி அவர் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, "நல்லாயிருக்கு சுலோச்சனா" என்பார். மத்தியானம் குடல் குழம்பு சாப்பிட்ட வாயால்.

இந்த ஆறு நாளும் எதற்குக் கோபம் என்று எனக்கே பிடிபடவில்லை. உடம்பைக் கெடுத்துக்கொண்டதற்கா? பொய் சொன்னதற்கா? இப்போது தெரிகிறது. சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். நாக்கு அடங்காத மனிதர், பிறந்ததில் இருந்தே அப்படித்தான். என்னிடம் ஒரு வார்த்தை, "நீ உப்புப் போட்டுச் சாப்பிடு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று விட்டுவிட்டார். என்னை விட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

இன்று அழுதேன். மார்கழியில் எல்லோரும் பார்க்க அழுதது வேறு.

ஜூலை 21, திங்கள்

கடுகு, வரமிளகாய், பூண்டு போட்டுத் தாளித்தேன். புகை வீடெல்லாம் பரவி இருமல் வந்தது. ஜன்னலைத் திறக்கவில்லை.

ஜூலை 26, சனி

மெஸ்ஸுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. பழனியம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியோடு நின்றுவிட்டார். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"சாப்பாடு இருக்குங்களா?" என்றேன்.

இலை போட்டார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த மூலையில் போடவில்லை, வாசல் பக்கம் காற்று வரும் இடத்தில் போட்டார். கொள்ளுப் பருப்பு மசியல், முருங்கைக் கீரைப் பொரியல், ஈரல் வறுவல். பக்கத்தில் லாரி டிரைவர் ஒருவர், எதிரே கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். எல்லோரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் இறங்கிற்று. கொள்ளு மசியலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். கேட்டுவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

எனக்குப் பிடித்தது கொள்ளு மசியல். பெனாசிரிடம் சொல்லவேண்டும்.

கை கழுவும்போது பழனியம்மா பக்கத்தில் வந்து நின்றார். "எம்மேல கோவமுங்களா?"

"உங்க மேல இல்லீங்க."



ஆகஸ்ட் 7, வியாழன்

ஒன்பது புள்ளி ஒன்று. பெனாசிர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எங்கே சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். "எண்ணெய் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க. மத்தபடி அங்கயே போங்க" என்றார். கொள்ளிலும் இரும்பு இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. மெஸ்ஸும் இல்லை. நாள் நீளமாக இருந்தது. எள்ளை வறுத்து வெல்லம் போட்டு இடித்தேன். ஒன்றிரண்டு உருண்டை போதும் என்று ஆரம்பித்து ஒரு தூக்குப் பாத்திரம் நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பத்து புள்ளி இரண்டு. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். "கூட யாரு?" என்று நர்ஸ் கேட்டார். தம்பி என்றேன்.

சாயங்காலம் ரகுவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த வாரமா? பாப்பாவ காலேஜ்ல சேக்கணும், சென்னை போறோம். ஒரு பதினஞ்சு நாள் தள்ளி வெக்கச் சொல்லேன்."

"அதுக்கென்னப்பா. நீ பாப்பாவப் பாரு. இங்க ஆள் இருக்கு."

"யாருக்கா?"

"இருக்காங்க."

போனை வைத்தபிறகு தெரிந்தவர்கள் எண்ணை எல்லாம் போனில் தள்ளிப் பார்த்தேன். பாதி அவருடைய நண்பர்கள். மீதி காஸ் ஏஜென்சி, பால்காரர், பிளம்பர்.

ஆகஸ்ட் 23, சனி

மத்தியானம் கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். பழனியம்மா பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷனுங்க."

"தெரியுமுங்களே. தம்பி வாறாருன்னீங்க?"

"வரலைங்க." இந்த ஐம்பத்தொரு வயதில் யாரிடமும் அடுத்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. "எனக்குக் கூட வர யாருமில்லைங்க. நீங்க வர முடியுங்களா?"

பழனியம்மா அடுப்பைப் பார்த்தார், வெளியே தொங்கும் பலகையைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று எனக்குக் காது சூடாகிவிட்டது.

"கடையச் சாத்தோணும். மாஸ்டரு லீவு கேட்டுக்கிட்டே கெடந்தாரு, குடுத்துப்போடறேன்." பிறகு, "என்ன ஒறவுன்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்றார்.

"அக்கான்னு சொல்லுங்க."

"சரி" என்று எழுந்து போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

ஆகஸ்ட் 30, சனி

ஆஸ்பத்திரி. தையல் வலிக்கிறது. கட்டி எடுத்தாயிற்று, கெட்டது ஒன்றும் இல்லை என்றார்கள். பெனாசிர் வந்து எட்டிப் பார்த்தார். அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர்.

அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறார். பகலிலும் குறட்டை. நர்ஸ் அவருக்கும் பிரஷர் பார்த்துவிட்டு, "உங்க அக்காவத்தான் மொதல்ல அட்மிஷன் போடணும் போல" என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மெஸ் பையன் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். மத்தியானம் தவிர மற்ற நேரம் வீடு அப்படியே இருக்கிறது. டிவி போட்டால் சத்தம், அணைத்தால் அதைவிடப் பெரிய சத்தம். இது உடனே மாறாது என்று நினைக்கிறேன். பசி மட்டும் நேரத்துக்கு எடுக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் எழுந்து சமைத்தேன். பாசிப்பருப்புக் கூட்டு, புடலங்காய், சீரக ரசம். இஞ்சியும் எலுமிச்சையும் கூடப் போட்டு உப்பைக் குறைத்துப் போட்டேன். டப்பாவில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் மெஸ்ஸுக்குப் போனேன்.

"இதென்னங்க அம்மிணி?"

"உங்களுக்குத்தான். பிரஷர் ஏறிக் கெடக்குதுன்னு நர்ஸ் சொன்னாங்களே."

மூடியைத் திறந்து வாசனை பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஓர் இலை போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கூட்டை எடுத்து வாயில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னங்க, நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா உப்பு தூக்கலா இருக்குது."

"கொஞ்சமாத்தாங்க போட்டேன். ருசி பாத்தேன், எனக்குச் சரியா இருந்துச்சு."

பழனியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் சோற்றோடு சிரித்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். பிறகு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"உங்க நாக்குக்குப் போட்டிருக்கீங்க. நீங்களே சாப்பிடுங்க. எனக்கு நாளைக்குக் கொறச்சுப் போட்டுக் கொண்டாங்க."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.